மொரீஷியஸ் முதல் அடுக்கு என்கிறார்கள், அத்தையின் பணம் எங்கே?

வாசகர் கேள்வி, 11 அக்டோபர் 2025

"இணையப் பாதுகாப்பில் ஆப்பிரிக்காவிலேயே நாம்தான் முன்னோடி, உலக அளவில் முதல் அடுக்கு என்று வானொலியில் கேட்டேன். போன மாதம் ரோஸ்ஹில்லில் என் அத்தையின் கணக்கிலிருந்து 85,000 ரூபாய் போய்விட்டது. வங்கி போலீஸைக் கை காட்டுகிறது, போலீஸ் வங்கியைக் கை காட்டுகிறது. ஏட்டுச் சுரைக்காயை வைத்துக்கொண்டு என்ன கறி வைப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

11 அக்டோபர், இரவு

நான் போர்ட் லூயிஸில் ஒரு வங்கியின் புகார்ப் பிரிவில் சில வருடம் இருந்தவள். எந்த வங்கி என்பது வேண்டாம். இப்போது பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். சனிக்கிழமைகளில் கோவில் மண்டபத்தில் பெரியவர்களுக்கு போன் விஷயங்களில் உதவுகிறேன். அதனால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை.

வானொலி சொன்னது உண்மைதான். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிடும் உலக இணையப் பாதுகாப்புக் குறியீட்டின் 2024 பதிப்பில் 46 நாடுகள் முதல் அடுக்கில் இருக்கின்றன. மொரீஷியஸ் அதில் ஒன்று. 100-க்கு 95-ஓ அதற்கு மேலோ வாங்கினால் அந்த அடுக்கு. சட்டம், தொழில்நுட்பம், நிர்வாக அமைப்பு, திறன் வளர்ப்பு, ஒத்துழைப்பு என்று ஐந்து தலைப்பில் கேள்விகள் இருக்கும்.

நம்மிடம் எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. 2003-இல் கணினிக் குற்றச் சட்டம், 2021-இல் அதை மாற்றிப் புதுச் சட்டம். 2008 முதல் இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் அவசரக் குழுவான செர்ட்-எம்யூ. 2018-இல் பொதுமக்கள் இணையத்திலேயே புகார் தர மாகோர்ஸ் என்ற தளம். இணையக் குற்றங்களில் நாடுகள் ஒன்றுக்கொன்று உதவும் புடாபெஸ்ட் உடன்படிக்கையில் 2013 நவம்பரிலேயே சேர்ந்துவிட்டோம். தென்னாப்பிரிக்கா 2001-இல் முதல் நாளிலேயே கையெழுத்துப் போட்டும் இன்னும் அங்கீகரிக்கவில்லை.

இவை எல்லாம் வேண்டியவைதான். ஆனால் அந்தக் கேள்வித்தாளில் உங்கள் அத்தை வரவே மாட்டார். காலையில் ஒருவர் போன் போட்டுப் "பணம் போகிறது, நிறுத்துங்கள்" என்றால், எத்தனை நிமிடத்தில் நின்றது என்று அதில் யாரும் கேட்பதில்லை. என்னைப் பொறுத்தவரை ஒரு நாடு இணையக் குற்றத்தைத் தாங்கும் திறன் என்பதே அதுதான்.

12 அக்டோபர்

"அரசாங்கமே நிரப்பிக்கொடுக்கும் கேள்வித்தாள், தனக்குத்தானே மார்க் போட்டுக்கொள்வது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படித் தள்ளிவிட முடியாது. ஒவ்வொரு பதிலுக்கும் ஆதாரம் கேட்பார்கள், அதைச் சரிபார்க்கிறார்கள். எனக்கு நேர்மை பற்றிச் சந்தேகமே இல்லை. இருக்கிறதா என்று கேட்டு முடித்துவிடுகிறார்கள், வேலை செய்கிறதா என்று கேட்பதில்லை. என் குறை அவ்வளவுதான்.

14 அக்டோபர்

குவாத்ர்போர்னிலிருந்து எழுதிய தம்பிக்கு: "2017-இல் 6-ஆம் இடம், 2018-இல் 14, 2020-இல் 17. வருடா வருடம் சரிகிறோம்" என்கிறீர்கள். இடங்கள் சரி, முடிவு சரியில்லை. நம் மதிப்பெண் 2017-இல் 1-க்கு 0.830, 2018-இல் 0.880, 2020 பதிப்பில் 100-க்கு 96.89. ஏறியிருக்கிறது. மற்ற நாடுகள் நம்மைவிட வேகமாக ஏறின, கேள்விகளும் பதிப்புக்குப் பதிப்பு மாறின. 2024-இல் வரிசை எண்ணையே எடுத்துவிட்டு அடுக்கு முறைக்கு வந்துவிட்டார்கள். இந்த எண்களை வைத்துச் சரிந்தோம் என்றும் சொல்ல முடியாது, பத்திரமாக இருக்கிறோம் என்றும் சொல்ல முடியாது.

16 அக்டோபர்

கேள்வி கேட்டவரும் அவருடைய அத்தையும் நேற்று வந்திருந்தார்கள். அத்தை அனுமதி கொடுத்ததால் எழுதுகிறேன். அவர் யாரென்று தெரியும்படி எதுவும் இதில் இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை. தங்கை மகனின் வாட்ஸ்அப்பிலிருந்து செய்தி வருகிறது. அவன் படம், அவன் எண், கிரியோல் மொழியில் அவன் எழுதுகிற மாதிரியே எழுத்து. "பெரியம்மா, தவறுதலாக உங்கள் எண்ணுக்கு ஒரு 6 இலக்கக் குறியீடு அனுப்பிவிட்டேன், பார்த்துச் சொல்லுங்கள்." சொல்லிவிட்டார். அந்த நிமிடமே அவர் வாட்ஸ்அப்பும் கைமாறிவிட்டது. பையனுடைய கணக்கையும் முதல் நாள் இதே வழியில்தான் பிடித்திருக்கிறார்கள். அடுத்த கட்டத்தில் ஒரு அழைப்பு. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, "உங்கள் கணக்கை யாரோ தொடுகிறார்கள், பாதுகாப்பான கணக்குக்கு மாற்றிவிடலாம்" என்று கூடவே இருந்து வழிகாட்டியிருக்கிறார்கள். மூன்று தவணையாகப் பணம் போயிருக்கிறது.

நான் கவனித்தது வேறு. அத்தை ஏமாந்ததை உணர அதிக நேரம் ஆகவில்லை. தங்கைக்கு லேண்ட்லைனில் போன் போட்டுக் கேட்டிருக்கிறார், கால் மணி நேரத்தில் எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. உடனே வங்கியின் எண்ணுக்கு அழைத்திருக்கிறார். பாட்டு ஓடுகிறது. ஒன்றை அமுக்கு, மூன்றை அமுக்கு. ஆள் கிடைத்தபோது, "அடையாள அட்டையோடு கிளைக்கு வாருங்கள்." சனிக்கிழமை, கிளை கிடையாது. காவல் நிலையத்துக்குப் போனார். "பணம் போனதற்கு வங்கி அறிக்கை கொண்டுவாருங்கள்." திங்கட்கிழமை கிளைக்குப் போனார். "போலீஸ் வாக்குமூலத்தின் நகல் இருக்கிறதா?"

நம் நாட்டில் 2019 முதல் வங்கிக்கு வங்கி உடனடிப் பணமாற்றம் இருக்கிறது. இரவு, ஞாயிறு, விடுமுறை என்று எதுவும் பார்க்காது, சில நொடிகளில் போய்விடும். பணம் போகும் பாதைக்கு ஞாயிறு கிடையாது, நிறுத்தும் பாதைக்கு மட்டும் திங்கள் காலை ஒன்பது மணி. நான் வேலை பார்த்த இடத்திலும் இதே கதைதான். இரவில் வந்த புகார்கள் காலையில் என் மேசையில் வரிசையாகக் கிடக்கும். பாதிக்கு மேல் நான் எடுப்பதற்குள் காலியான கணக்குகள்.

பணம் போய்ச் சேர்ந்த முதல் கணக்கு உள்ளூரில்தான். கமிஷனுக்காகத் தன் கணக்கை யாருக்கோ கொடுத்த ஒரு இளைஞனுடையது. அங்கிருந்து பெரும்பகுதி வெளியே போய்விட்டது. மிச்சம் இருந்ததை முடக்கியிருக்கிறார்கள், அதை விடுவிக்க ஆணை வரவேண்டும். புகார் சனிக்கிழமையே அந்த வங்கிக்குப் போயிருந்தால் எவ்வளவு நின்றிருக்கும் என்று யாராவது கணக்கு வைத்திருக்கிறார்களா? அதைத்தான் கேட்கிறேன்.

19 அக்டோபர்

நாளை தீபாவளி. கடைகளின் பெயரில் பரிசு என்று வரும் இணைப்புகளைத் தொடாதீர்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

டர்பனிலிருந்து ஒரு அக்கா, "எங்கள் பக்கம் நிலைமை இதைவிட மோசம், ஆனால் போலீஸ் கூட்டாக வேலை செய்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறார். சரிதான். 2024 நவம்பரிலிருந்து 2025 பிப்ரவரி வரை 7 நாடுகள் சேர்ந்து இன்டர்போல் வழியாக நடத்திய 'ரெட் கார்ட்' நடவடிக்கையில் தென்னாப்பிரிக்காவில் மட்டும் 40 பேர் பிடிபட்டார்கள். 1,000-க்கும் மேற்பட்ட சிம் அட்டைகள் சிக்கின. வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் அழைப்பு மாதிரி காட்டும் பெட்டிகளோடு இணைந்த 53 கணினிகளும் சிக்கின. எங்கிருந்தோ வரும் அழைப்பு நம் போனில் உள்ளூர் எண்ணாகத் தெரிவது பல சமயம் இந்த வழியில்தான்.

20 அக்டோபர்

நேற்றைய குறிப்பின் தொடர்ச்சி. 2025 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நடந்த 'செரங்கெட்டி 2.0'-இல் 18 ஆப்பிரிக்க நாடுகளும் பிரிட்டனும் சேர்ந்தன. நாமும் இருந்தோம், தென்னாப்பிரிக்காவும் இருந்தது. 1,209 கைது, ஏறக்குறைய 88,000 பேர் பாதிக்கப்பட்டவர்கள், 9.74 கோடி டாலர் மீட்பு.

பெரிய வேலை, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் மீட்பு என்பது பணம் போலீஸ் கைக்கு வந்தது. அது பறிகொடுத்தவர் கைக்கு எப்போது போகிறது என்பது வேறு கணக்கு. அந்த இரண்டாவது எண்ணையும் நாடு வாரியாக வெளியிட்டால்தான் மக்கள் புகார் கொடுக்க முன்வருவார்கள். எங்கள் மண்டபத்துக்கு வருபவர்களில் பலர் புகாரே கொடுக்காதவர்கள். "வரவா போகிறது?" என்பார்கள். மருமகளுக்குத் தெரிந்தால் அவமானம் என்பார்கள். அவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

22 அக்டோபர்

"நாடு விட்டு நாடு போன பணத்தை நிறுத்தவே முடியாது, விடுங்கள்" என்று ஒருவர். முடியும். 2024 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள்.

சிங்கப்பூரில் ஒரு சரக்கு வணிக நிறுவனம். வழக்கமாகச் சரக்கு தரும் நிறுவனத்திடமிருந்து வந்தது போல ஒரு மின்னஞ்சல்: இனி பணத்தைக் கிழக்குத் திமோரில் உள்ள இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள். முகவரியில் சிறு எழுத்து வித்தியாசம்தான். ஜூலை 19-இல் 4.23 கோடி டாலர் அனுப்பிவிட்டார்கள். நான்கு நாள் கழித்து உண்மையான நிறுவனம் "பணம் வரவில்லையே" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. 23-ஆம் தேதி புகார். சிங்கப்பூர் போலீஸ் இன்டர்போலின் ஐ-கிரிப் என்ற விரைவு வழியில் திமோருக்குச் சொன்னது. 25-ஆம் தேதி 3.9 கோடி டாலர் பிடித்துவைக்கப்பட்டது. பின்னர் 7 பேர் கைதாகி மேலும் 20 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது.

நான்கு நாள் தாமதமான புகார், வேறு நாடு, வேறு சட்டம். அப்படியும் இரண்டு நாளில் நின்றது. இரண்டு பக்கமும் போனை எடுக்க ஆள் இருந்தார்கள், சொன்ன உடனே முடக்கும் அதிகாரம் அவர்களிடம் இருந்தது. 4 கோடி டாலருக்குத் திறந்த அந்தப் பாதை 85,000 ரூபாய்க்கும் திறக்க வேண்டும் என்று கேட்பது பேராசையா? பறிபோனது அத்தையின் ஆயுள் சேமிப்பில் பாதி.

24 அக்டோபர்

புடாபெஸ்ட் உடன்படிக்கை இருந்தும் ஏன் இழுக்கிறது என்ற கேள்விக்கு.

அதில் இரண்டு வேகம் இருக்கிறது. ஒவ்வொரு நாடும் நாள் முழுக்க, வாரம் முழுக்க ஒரு தொடர்பு அலுவலகத்தைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அதன் வழியாக, "இந்தத் தரவை அழிக்காமல் வையுங்கள்" என்று அவசரமாகக் கேட்கலாம், குறைந்தது 60 நாள் வைத்திருப்பார்கள். இது வேகமான பாதை. ஆனால் வைத்திருக்கும் தரவைக் கையில் வாங்க, நாட்டுக்கு நாடு முறையான சட்ட உதவிக் கோரிக்கை போக வேண்டும். உடன்படிக்கையின் குழுவே 2014-இல் ஆராய்ந்துவிட்டு, பதில் வர 6 முதல் 24 மாதம் ஆவதுதான் வழக்கம் என்று எழுதியது. 2022-இல் கையெழுத்துக்கு வந்த இரண்டாம் கூடுதல் நெறிமுறை இதைச் சுருக்கத்தான். இன்டர்போலின் 2025 ஆப்பிரிக்க அறிக்கையிலும் பதில் சொன்ன நாடுகளில் 86 விழுக்காடு, சர்வதேச ஒத்துழைப்பில் தங்கள் திறன் போதவில்லை என்றே சொல்லியிருக்கின்றன. புகார்களைப் பதிவு செய்யும் அமைப்பு இருப்பதாகச் சொன்னவை 30 விழுக்காடுதான்.

நமக்கு மாகோர்ஸ் இருக்கிறது. அது பெரிய விஷயம், சந்தேகமில்லை. அந்தப் படிவம் நிரப்பிய கையோடு வங்கிக்குத் தானாகப் போய்ச் சேர வேண்டும் என்பதே என் ஆசை.

26 அக்டோபர்

டர்பன் அக்கா மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார்: தென்னாப்பிரிக்கா நேற்று முன்தினம், அக்டோபர் 24 அன்று, கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்கும் சர்வதேச அமைப்பான எஃப்ஏடிஎஃப், குறையுள்ள நாடுகளுக்கென்று வைத்திருக்கும் சாம்பல் பட்டியலிலிருந்து வெளியே வந்துவிட்டது. 2023 பிப்ரவரியில் உள்ளே போனது. வாழ்த்துகள். இதைப் படித்தபோதுதான் நான் சொல்லவந்தது எனக்கே தெளிவானது.

நாமும் 2020 பிப்ரவரியில் அந்தப் பட்டியலில் விழுந்தோம், 2021 அக்டோபரில் வெளியே வந்தோம். அந்த நேரத்தில் நான் வங்கியில் இருந்தேன். எஃப்ஏடிஎஃப் இரண்டு விதமாக அளக்கிறது. முதலில் 40 பரிந்துரைகள்: சட்டம் இருக்கிறதா, அமைப்பு இருக்கிறதா. பிறகு 11 விளைவுகள்: அந்தச் சட்டம் உண்மையில் வேலை செய்கிறதா. இரண்டாவதில் தப்பிக்க முடியாது. எத்தனை சந்தேக அறிக்கை, எத்தனை விசாரணை, எவ்வளவு பறிமுதல் என்று எண்ணைக் காட்டியாக வேண்டும். எங்கள் பிரிவில் அந்த ஒன்றரை வருடத்தில் வந்த மாற்றம் அதற்கு முன்பு நான் பார்க்காதது. தூங்கிக்கிடந்த படிவங்கள் நகர்ந்தன, இரவுப் பணிக்கு ஆள் வந்தார்கள். வெளியிலிருந்து ஒருவர் விளைவைக் கேட்டதால் நடந்தது.

இணையக் குற்றத்துக்கு அந்த இரண்டாவது பாதி இன்னும் இல்லை. எனக்கு வேண்டியது அதுதான்.

28 அக்டோபர்

ஹனோய் பற்றிக் கேட்டவர்களுக்கு. ஐ.நா. பொதுச்சபை 2024 டிசம்பர் 24 அன்று ஏற்ற இணையக் குற்ற உடன்படிக்கை அக்டோபர் 25-இல் வியட்நாமின் ஹனோயில் கையெழுத்துக்கு வந்தது. 70-க்கும் மேற்பட்ட நாடுகள் போட்டிருக்கின்றன. 40 நாடுகள் அங்கீகரித்து 90 நாள் ஆனால் அமலுக்கு வரும். ஆப்பிரிக்க ஒன்றியத்தின் இணையப் பாதுகாப்பு உடன்படிக்கையான மலாபோ அமலுக்கு வர 2014-இலிருந்து 2023 வரை காத்திருந்தோம். இது அவ்வளவு இழுக்காது என்று நம்புகிறேன்.

முதலில் படித்தபோது எனக்கு நிறைவாக இருந்தது. புடாபெஸ்டில் இல்லாத நாடுகளோடும் இனிப் பேச வழி கிடைக்கும். இரவு மறுபடி படித்தபோது மனம் அவ்வளவு எளிதாக ஒப்பவில்லை. நான்கு வருடமோ அதற்கு மேலோ சிறை கிடைக்கக்கூடிய எந்தக் குற்றத்துக்கும் மின்னணு ஆதாரம் கேட்கலாம் என்கிறது. எந்த நாடு எதைக் குற்றம் என்று சொல்கிறது என்பதைப் பொறுத்து அது எங்கேயும் போகலாம். மனித உரிமை அமைப்புகளின் எதிர்ப்பும் இதில்தான்.

நமக்கு இது தூரத்து விஷயம் இல்லை. 2021 ஏப்ரலில் சமூக ஊடகப் போக்குவரத்தை எல்லாம் ஒரு சர்வர் வழியாகத் திருப்பலாம் என்று தகவல் தொழில்நுட்ப ஆணையம் கருத்துக் கேட்டது நினைவிருக்கும். 2024 நவம்பர் 1-இல், தேர்தலுக்குச் சில நாள் முன்பு, பேஸ்புக் முதல் எல்லாவற்றையும் 11-ஆம் தேதி வரை நிறுத்தச் சொன்னார்கள். எதிர்ப்பில் மறுநாளே திரும்பப் பெற்றார்கள். திருடனைப் பிடிக்கக் கொடுக்கும் அதிகாரம் பேசுகிறவனைப் பிடிக்கவும் போகும் என்ற பயம் எனக்கு உண்டு. அதனால்தான் அளவீட்டில் இதையும் சேர்க்கச் சொல்கிறேன்: வந்த கோரிக்கைகள் எத்தனை, எந்தக் குற்றத்துக்கு, எத்தனை மறுக்கப்பட்டன.

3 நவம்பர்

மோசடி அழைப்பில் பேசியவன் தமிழ் உச்சரிப்பில் ஆங்கிலம் பேசினான் என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். கோபம் புரிகிறது. ஆனால் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனும் பல சமயம் பிடித்துவைக்கப்பட்டவன். பர்மாவின் தாய்லாந்து எல்லையில் மியாவதி பக்கம் உள்ள மோசடி வளாகங்களுக்கு வேலை என்று சொல்லி ஏமாற்றப்பட்டுப் போனவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு. 2022-இல் சிலர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். போன மாதம்தான் கேகே பார்க் என்ற வளாகத்தில் பர்மா ராணுவம் புகுந்து 30 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையக் கருவிகளைப் பிடித்ததாக அறிவித்தது. அந்த வட்டாரத்தில் 2,500-க்கும் மேற்பட்ட கருவிகளைத் துண்டித்ததாக ஸ்டார்லிங்கை நடத்தும் ஸ்பேஸ்எக்ஸ் சொன்னது. ரோஸ்ஹில்லில் எவ்வளவு விழிப்புணர்வு வகுப்பு எடுத்தாலும் அந்தக் கருவிகள் ஓடிக்கொண்டிருந்தால் பாதி வேலைதான்.

9 நவம்பர்

எதை அளக்கலாம், யார் அளக்கிறார்கள் என்று கேட்டதற்கு, நான் பார்த்தவரை:

அமெரிக்க எஃப்பிஐ-யின் புகார் மையம் வருடா வருடம், முடக்கச் சொல்லி முயன்றதில் எவ்வளவு நின்றது என்று வெளியிடுகிறது. 2024-இல் 66 விழுக்காடு. இழப்பு மொத்தம் 1,660 கோடி டாலர் என்பதும் அதே அறிக்கையில் உண்டு. தோற்றதையும் சேர்த்து வெளியிடுகிறார்கள், அதனால் நம்புகிறேன்.

பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டு அனுப்பிய பணத்தை 85,000 பவுண்ட் வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கி பாதி, வாங்கிய வங்கி பாதி. அந்த வாங்கிய வங்கியின் பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கமிஷன் கணக்கைத் திறந்து வைத்திருப்பது அந்த வங்கிக்கும் செலவு என்று ஆகிவிட்டால், இளைஞனின் கணக்கில் திடீரென மூன்று தவணை வந்து உடனே வெளியேறும்போது யாராவது நிமிர்ந்து பார்ப்பார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டின் இணையப் பாதுகாப்பு முதிர்ச்சி மாதிரியில், நாட்டுக்குள் வந்து அதிகாரிகள், வங்கிகள், தொண்டு அமைப்புகள் எல்லோரிடமும் உட்கார்ந்து பேசிவிட்டு ஐந்து படிநிலைகளில் ஒன்றைச் சொல்கிறார்கள். கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் இந்த வேலைக்குத் தென்பகுதி ஆப்பிரிக்காவுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. இந்தப் பேச்சுகளில் பறிகொடுத்தவர்களையும் உட்காரவைக்க வேண்டும்.

10 நவம்பர்

"இப்படி எண்களை வெளியிட்டால் எபேன் தொழில்நுட்ப நகரத்துக்கு வரும் முதலீட்டாளர்கள் ஓடிவிடுவார்கள்" என்று ஒருவர். சாம்பல் பட்டியலில் விழுந்தபோதும் இதையே சொன்னார்கள். வெளியே வந்ததே எண்களைக் காட்டித்தான்.

16 நவம்பர்

ரெயூனியனிலிருந்து ஒரு அண்ணன்: அங்கே 2024 டிசம்பர் முதல் '17சைபர்' என்ற ஒரே வாசலில் பாதிக்கப்பட்டவர் எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், தேவைப்பட்டால் போலீஸோடு உடனே எழுதிப் பேசலாம் என்கிறார். பிரான்ஸ் முழுக்க உள்ள ஏற்பாடு அது. நமக்குப் பக்கத்துத் தீவு. ஒரே கும்பல் இரண்டு தீவிலும் வலை வீசும்போது இரண்டு வாசலுக்கும் இடையில் நேரடித் தொடர்பு வேண்டும். எங்கள் தொகுதி உறுப்பினருக்கு நாங்கள் தயாரிக்கும் மனுவில் இதைச் சேர்த்துவிட்டேன். மனுவில் இருப்பது இவ்வளவுதான்: புகார் வந்த நேரம், வாங்கிய வங்கிக்குச் சொன்ன நேரம், முடக்கிய நேரம், நின்ற தொகை, உரியவர் கைக்குத் திரும்பிய தொகை, வெளிநாட்டுக் கோரிக்கைக்குப் பதில் வந்த நாள். மாதா மாதம், வங்கி வாரியாக.

17 நவம்பர்

மனுவில் கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் கவனத்துக்கு. பணம் போன அனுபவம் உள்ளவர்கள் பரிமாற்ற எண்ணையும், நீங்கள் முதன்முதலில் வங்கிக்கு அழைத்த நேரத்தையும் எழுதிக் கோவில் மண்டபத்துக்குக் கொண்டுவாருங்கள். அழைத்த நேரம் போனின் அழைப்புப் பட்டியலில் இருக்கும், அதை அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப் உரையாடலையும் அப்படியே வைத்திருங்கள், படம் எடுத்து இன்னொருவர் போனிலும் போட்டுவையுங்கள். பெயர் வெளியே வராது. புகார் கொடுக்காதவர்களும் வரலாம், மாகோர்ஸ் படிவத்தை அங்கேயே நிரப்பிவிடுவோம்.